அறிவொப்புக் காண்டல்: மொழியறிஞர் உடன்பயில்வோரை வினாவும் மரபு

மொழியை ஆராய்வோர் தம்முள் ஒருவரையொருவர் வினாவி அறிதல் அத்துறையின் அன்றாட நடைமுறையாகும். ஒரு சொல் குறிப்பிட்டதொரு வட்டாரத்தில் இன்னும் வழங்குகிறதா, ஒரு சுவடியில் காணும் பாடம் மற்றொரு சுவடியிலும் உண்டா, ஒரு தொடர் தாய்மொழியாளர் செவிக்கு ஏற்கிறதா, பிறமொழி மாணாக்கருக்குத் தமிழ் கற்பிக்கையில் எவ்வடிவத்தை முதலில் தருவது என்பன போன்ற வினாக்கள் கடிதமாகவும் நேர் உரையாடலாகவும் எழுந்தவண்ணம் உள்ளன. ஆய்வேடு அச்சேறும்போது இவ்வினாக்களும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளும் நன்றியுரையின் ஒரு வரிக்குள் ஒடுங்கிவிடுகின்றன. முடிவு மட்டும் நிற்கிறது; அம்முடிவை ஈன்ற வினா மறைகிறது. வினா எவ்வாறு அமைந்தது என்பதை அறியாமல் விடையை மதிப்பிட இயலாது. ஆகவே இந்நடைமுறையை ஆராய்தல் வெறும் வரலாற்று ஆர்வத்தின் பாற்பட்டதன்று. தரவின் நம்பகத்தன்மை பற்றியதாகும்.

வினாவை வகைப்படுத்தி ஆராய்ந்த இலக்கண மரபு தமிழில் உண்டு. தொல்காப்பியமும் அதன் உரைகளும் நன்னூலும் வினா, விடை குறித்துக் கூறும் கருத்துகளைக் கருவியாகக் கொண்டு, பத்தொன்பது இருபதாம் நூற்றாண்டுகளில் மொழியறிஞர் பிறரை வினாவிய சில முறைகளையும், இன்று தமிழ் குறித்து எழும் வினாக்கள் சிலவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நன்னூலின் கணக்கு

நன்னூற் பொதுப்பாயிரம் பாடங்கேட்டலின் வரலாற்றைக் கூறுமிடத்து மாணாக்கன் கடமைகளை நிரல்படுத்துகிறது. உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதைச் சிந்தித்தல், ஆசிரியரைச் சார்ந்து மீண்டும் கேட்டல் என்பவற்றோடு, தன்னையொத்த பயிற்சியுடையாரோடு பயிலுதலும், அவர்களை வினாவுதலும், அவர்கள் வினாவியவற்றுக்கு விடைகூறுதலும் அந்நிரலில் இடம்பெறுகின்றன. இதனினும் சிறப்பானது அதனைத் தொடர்ந்து வரும் அளவைக் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்வாங்கிய மாணாக்கனும் புலமையில் காற்கூறே பெறுவான். உடன்பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்கூறு கிட்டும். பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரண்டு காற்கூறும் நிரம்பும் என்கிறது அந்நூல்.

இக்கணக்கை வடமொழியில் வழங்கும் ஒரு தனிச்செய்யுளோடு ஒப்பிடுதல் பயன்தரும். அச்செய்யுளும் கல்வியை நான்கு காலாகப் பகுக்கிறது. ஆசிரியரிடமிருந்து ஒரு கால், தன் அறிவால் ஒரு கால், உடன்பயில் மாணாக்கரால் ஒரு கால், காலம் செல்லச்செல்ல ஒரு கால் என்பது அதன் பகுப்பு. இரண்டிலும் ஆசிரியர்க்கும் உடன்பயில்வோர்க்கும் உரிய பங்கு மாறவில்லை. மாறியவை எஞ்சிய இரண்டு. தன் அறிவுக்கும் காலத்துக்கும் உரிய இடத்தைப் பவணந்தியார் கற்பித்தலுக்கு அளித்துவிட்டார். இதனால் நன்னூலின் கணக்கில் முக்கால் பங்குப் புலமை பிறரோடு நிகழும் உரையாடலாலேயே ஆசிரியருக்குப் பின்னர் நிறைவுறுகிறது. தனித்திருந்து சிந்திப்பதை நன்னூல் புறக்கணிக்கவில்லை. கேட்டதை நினைத்தல் கடமைகளுள் ஒன்றாகவே கூறப்பட்டுள்ளது. ஆயினும் அதற்கெனத் தனிக்கூறு ஒதுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

உடன்பயில்வோர்க்குக் காற்கூறு ஒதுக்கிய நூல், அவர்களை எவ்வாறு வினாவுவது என்பதைப் பாயிரத்தில் விரிக்கவில்லை. அதற்குச் சொல்லதிகாரத்தை நாட வேண்டும். அங்கு வினா ஆறு வகைப்படுகிறது. ஆசிரியன் தான் அறிந்த பொருளையே மாணாக்கனிடம் கேட்பது அறிவினா. மாணாக்கன் ஆசிரியனிடம் கேட்பது அறியாவினா. கயிறோ பாம்போ என இரண்டனுள் ஒன்று துணியாது கேட்பது ஐயவினா. வணிகனிடம் பயறு உண்டா எனக் கேட்பது பொருளைக் கொள்ளும் நோக்கினது. ஒருவனுக்கு ஆடை இல்லையோ என்பது கொடுக்கும் நோக்கினது. உண்டாயா எனக் கேட்டு உண்ணச் செய்வது ஏவும் நோக்கினது. பின்னைய மூன்றும் வடிவத்தால் வினா, பயனால் வேறு.

தொல்காப்பிய உரை மரபில் வேறொரு பகுப்பும் வழங்குகிறது. அறியாதான் கேட்டலும் ஐயம் நீங்கக் கேட்டலும் அதிலும் உண்டு. அவற்றோடு, பிறன் அறிவைத் தான் பெறுதற்குக் கேட்டல், உண்மையைப் பிறனுக்கு உணர்த்துதற்குக் கேட்டல், தன் அறிவு பிறன் அறிவோடு ஒத்துள்ளதா எனக் காண்டற்குக் கேட்டல் என்பனவும் எண்ணப்படுகின்றன. இறுதியாகக் கூறியதே ‘அறிவொப்புக் காண்டல்’. நன்னூலின் ஆறனுள் இதற்கு நேரான வகை இல்லை. அறிவினாவும் அறியாவினாவும் ஆசிரியன் மாணாக்கன் என்னும் ஏற்றத்தாழ்வை அடிப்படையாகக் கொண்டவை. அறிவொப்புக் காண்டலோ ஒத்த நிலையினர் இருவரைக் கருதுவது. துறையறிவு உடைய ஒருவர் அத்துறையறிவு உடைய மற்றொருவரைக் கேட்கும் வினா இவ்வகையினதாகவே இருத்தல் வேண்டும். நடைமுறையில் அது பலவேளை வேறு வகையாகத் திரிந்துவிடுவதைப் பின்வரும் நிகழ்வுகள் காட்டும்.

ஏவலாக வந்த வினா

ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் 1894இல் தொடங்கிய இந்திய மொழிகளின் கணக்கெடுப்பு, உலகில் நிகழ்ந்த மொழியியல் வினாக்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1903 முதல் 1928 வரை பதினொரு தொகுதிகளாக, பத்தொன்பது பகுதிகளில் வெளிவந்த அப்பணி 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் பதிவுசெய்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று விடைகள் கோரப்பட்டன. முதலாவது, விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பு. இரண்டாவது, அவ்வூரார் வாய்மொழியாகக் கூறும் கதையோ செய்தியோ. மூன்றாவது, முன்னரே ஜார்ஜ் கேம்பெல் வகுத்திருந்த சொற்கள், தொடர்களின் பட்டியல்.

உவமையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மூவிடப்பெயர்களும், வேற்றுமைகளுள் பெரும்பாலனவும், முக்காலமும் அச்சிறு கதைக்குள் வருகின்றன. அதற்கு முன்னர் ஐரோப்பிய மொழித்தொகுப்புகள் கிறித்தவ மன்றாட்டு ஒன்றையே மாதிரியாகக் கொண்டிருந்தன. அடெலுங்கின் ‘மித்ரிடேட்ஸ்’ அம்முறையினது. மன்றாட்டு ஏவலும் வியங்கோளும் நிறைந்தது. இறந்தகால நிகழ்ச்சிகளின் தொடர்ச்சி அதில் இல்லை. கதைக்கு மாறியது தெளிந்த முன்னேற்றம். இந்திய வழக்கத்துக்கு ஒவ்வாத சில சொற்களை மாற்றியமைத்ததும் விடையளிப்போரைக் கருதிய செயலே.

ஆயினும் இவ்வினா மாவட்ட ஆட்சியாளர் வழியே சென்றது. மேலிருந்து வந்த ஆணையாகவே அது கீழ்நிலை அலுவலரை அடைந்திருக்கும். அவரும் எழுத்தறிந்த ஒருவரையே நாடியிருப்பார். நன்னூல் நோக்கில் இது வடிவத்தால் அறியாவினா, பயனால் ஏவல்வினா. ஏவலுக்குக் கிடைக்கும் விடை பணிமுடித்தலை நோக்கியது. மொழிபெயர்ப்பு வடிவில் கோரியதால் மூலத்தின் தொடரமைப்பு விடையில் படிதற்கும் வாய்ப்பு மிகுதி. தமிழ் போன்று விவிலிய மொழிபெயர்ப்பு முன்னரே அச்சில் பரவியிருந்த மொழிகளில் இடர் இரட்டிப்பாகும். கதையில் மைந்தன் தந்தையை விளிக்குமிடத்து அச்சு நூலில் ‘தகப்பனே’ என்பதைக் கண்டு பழகிய ஒருவர், தம் இல்லத்தில் ‘அப்பா’ என்றோ ‘ஐயா’ என்றோ அழைத்துவந்த போதிலும், தாளில் ‘தகப்பனே’ என எழுதுவதே இயல்பு. கேட்கப்பட்டது பேச்சு, கிடைப்பது நூல்வழக்கின் நினைவு. இரண்டாவது மாதிரியாக வாய்மொழிக் கதையைக் கிரியர்சன் கோரியதன் அருமை இங்கே விளங்கும். மூன்றனுள் அதுவே மூலப்பனுவல் ஒன்றின் நிழல் படாத வினா. மொழியியலாளர் இன்று மிகுதியாகப் போற்றுவதும் அதனையே.

சொற்பட்டியலின் குறை வேறு வகையினது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் நேரான சொல் உண்டு என்னும் எண்ணம் பட்டியல் வடிவிலேயே பொதிந்துள்ளது. தன்மைப்பன்மைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லே உண்டு. தமிழர் ஒருவர் அதற்கு நேராக ‘நாம்’ என எழுதுவதா, ‘நாங்கள்’ என எழுதுவதா? கேட்போனையும் உளப்படுத்தும் பன்மைக்கும் விலக்கும் பன்மைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் உரையாசிரியர்கள் வினைமுற்று ஈறுகளை விளக்குமிடத்தே கூறியுள்ளனர். அம்மும் ஆமும் முன்னின்றாரை உளப்படுத்தும். எம்மும் ஏமும் படர்க்கையாரை உளப்படுத்தும் என்பது அவர்தம் விளக்கம். இலக்கணம் அறிந்த தமிழர் இரு சொல்லையும் எழுதிக் குறிப்பும் சேர்க்கக்கூடும். இலக்கண மரபு எழுத்தில் இல்லாத மொழியொன்றைப் பேசுவோர் ஏதேனும் ஒன்றை எழுதிவிட்டு அமைவர். வேறுபாடு மொழியில் இருக்கும்; தரவில் இராது. சென்னை மாகாணமும் ஐதராபாத்து, மைசூர் அரசுகளும் இக்கணக்கெடுப்பின் எல்லைக்கு வெளியே நின்றன என்பதையும், 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் ஸ்டென் கோனோ முண்டா மொழிகளோடு திராவிட மொழிகளையும் தொகுத்தமையால் தமிழ் அதில் இடம்பெற்றது என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

கொள்வோன் வினா

கிரியர்சனுக்கு அரசின் கை இருந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஹூகோ ஷூகார்டுக்கு அஞ்சல் மட்டுமே இருந்தது. ஐரோப்பிய மொழிகள் பிற நிலங்களின் மொழிகளோடு கலந்து உருவான கலப்புமொழிகளை ஆராயப் புகுந்த அவர், அம்மொழிகள் வழங்கும் ஊர்களுக்குச் செல்லாமல், ஆங்காங்கிருந்த அலுவலர், சமயப்பணியாளர், கற்றோர் ஆகியோருக்குக் கடிதம் எழுதிப் பனுவல்களைத் திரட்டினார். ‘கலப்புமொழி ஆய்வுகள்’ என்னும் அவர்தம் கட்டுரை வரிசையில் கொச்சியில் வழங்கிய இந்தோ-போர்த்துக்கேயம் பற்றியது 1882இலும், தீவு, மங்களூர் ஆகிய இடங்களின் பேச்சு பற்றியவை 1883இலும் வெளிவந்தன. அவருக்கு வந்த கடிதங்கள் கிராட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் பேணப்படுகின்றன. வினா எவ்வாறு விடையாயிற்று என்பதைப் படிப்படியாகக் காண இடந்தரும் அரிய தொகுதி அது.

ஷூகார்டின் வினா நன்னூல் கூறும் கொளல்வினாவுக்கு நெருங்கியது. பயறு உளதா என வணிகனைக் கேட்பவன் பயறு என்றால் என்ன என அறியக் கேட்பதில்லை. பண்டத்தைப் பெறவே கேட்கிறான். அதுபோல இவரும் பனுவலைப் பெறவே கேட்டார். அதன் பொருளைத் துணிவது தம் பணி எனக் கொண்டார். வணிகன் தன் பண்டத்தை இழிவாகக் கருதினால் கொடுக்கத் தயங்குவான் என்பதே இதிலுள்ள சிக்கல். கலப்புமொழியைச் சிதைந்த போர்த்துக்கேயமாக எண்ணும் மனப்பாங்கு அந்நாளில் கற்றோரிடையே பரவலாக இருந்தது. அத்தகையோரிடம் மாதிரி கேட்டால், இல்லையென மறுப்பதும், திருத்திக் கொடுப்பதும் எளிதில் நேரக்கூடியவை. தமிழ்ப் பேச்சுவழக்கைக் ‘கொச்சை’ என ஒதுக்கிய காலத்தில் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டியோர் கண்ட இடரும் இத்தகையதே.

தமிழகக் கரையை ஒட்டிய இந்தோ-போர்த்துக்கேயத்துக்கு விரிவான பதிவு கிடைத்தது பின்னர்தான். கோவாவைச் சேர்ந்த செபஸ்தியாவு ரொடோல்ஃபோ தல்காது நாகப்பட்டினத்துக் கிளைமொழி குறித்த தம் ஆய்வை 1917இல் வெளியிட்டார். ஷூகார்டு தொலைவிலிருந்து வினாவியவர். தல்காது கொங்கணியையும் போர்த்துக்கேயத்தையும் தம் மொழிகளாக உடையவர். கொள்வோனாக மட்டும் நின்று கேட்பதற்கும் பண்டத்தின் தரம் அறிந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விருவர் பணிகளையும் அருகருகே வைத்துக் காணலாம்.

ஒத்த நிலையினர் வினா

உ. வே. சாமிநாதையரின் பதிப்புப் பணி இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அவர் கற்ற நூல்களின் பட்டியலைக் கேட்டபின் முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டார். வடிவத்தால் அது எளிய வினா. பயனால் அது ஏவல். அவ்வேவலால் விளைந்த பதிப்பு 1887இல் வெளிவந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகள் முழுவதும் வினாக்களால் நிரம்பியவை எனலாம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர், திருவாவடுதுறை மடத்துப் பயிற்சியில் வளர்ந்தவர், சமண நூலொன்றின் முன் நின்றபோது ஆசிரியர் தந்த காற்கூறு போதவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமண சமயக் கலைச்சொற்களுக்கு அவர் பயின்ற நூல்களில் விளக்கம் இல்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை அணுகி அவர் வினாவினார். சிந்தாமணி அவர்களிடம் இலக்கியமாக மட்டுமன்றிச் சமய நூலாகவும் வழிவழியாகப் படிக்கப்பட்டு வந்தது. அவர் கேட்டவை பண்டம் கொள்ளும் வினாக்கள் அல்ல. தாம் இலக்கண அறிவால் கொண்ட பொருள் அவர்தம் மரபறிவோடு ஒக்கிறதா எனக் காணும் வினாக்கள். ஒரு தொடரின் இலக்கண முடிபு அவருக்குத் தெரியும். அத்தொடர் சுட்டும் சமயக் கருத்து அவர்களுக்குத் தெரியும். இருசாரார் அறிவும் ஒன்றையொன்று நிரப்பிய இந்நிலையே அறிவொப்புக் காண்டலுக்குத் தக்க சான்றாகும். ஏடு கற்றோரல்லாத இல்லறத்தாரையும் அறிவுடையோராக ஏற்று அவர் வினாவினார் என்பது இதன் முன்நிபந்தனை. ‘தகவலாளி’ என்னும் இக்காலச் சொல் அவ்வுறவைக் குறிக்கப் போதாது.

மணிமேகலைப் பதிப்பிலும் (1898) இந்நெறியே தொடர்ந்தது. பௌத்தம் தமிழகத்தில் வாழும் சமயமாக அன்று இல்லை. ஆகவே கேட்பதற்கு மரபறிந்த குடும்பங்களும் இல்லை. ஆங்கில நூல்கள் வழியே பௌத்தத்தைக் கற்றிருந்த மளூர் ரங்காசாரியாரை அவர் வினாவினார். கேட்டறிந்தவற்றைப் புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றிய விளக்கங்களாக எழுதிப் படிப்போர்க்கு அளித்தார். உடன்பயில்வோரிடம் பெற்ற காற்கூறு எடுத்துரைத்தலால் முழுமை பெறும் என்னும் நன்னூற் கணக்கு இங்குக் கண்கூடாகிறது.

வினா மறைவதும் வினாயவர் மறைவதும்

இத்தகைய உறவில் விடைகூறியோர் பெயர் எவ்வாறு நிற்கிறது என்பது தனியே ஆராய்தற்குரியது. 1816இல் அலெக்சாண்டர் டங்கன் கேம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலுக்குப் பிரான்சிசு ஒயிட் எல்லிசு எழுதிச் சேர்த்த குறிப்பு, தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதையும் தம்முள் உறவுடையவை என்பதையும் நிறுவியது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு 40 ஆண்டுகள் முந்தையது இது. அந்நிறுவலின் அடிப்படை வேர்ச்சொல் ஒப்பீடு. அவ்வொப்பீட்டுக்குப் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ச்சொற் பட்டியல் பயன்பட்டது. சங்கரய்யாவும் எல்லிசுக்கு அணுக்கமாக இருந்து உதவினார். 1812இல் தொடங்கிய சென்னைக் கோட்டைக் கல்லூரியே இவ்வறிஞர்கள் கூடிப் பயின்ற களம். தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூல் இக்கூட்டுழைப்பை விரிவாக எடுத்துக்காட்டும்வரை, திராவிட மொழிக்குடும்பக் கண்டுபிடிப்பு பொதுவாக ஒரு பெயரோடோ இரு பெயரோடோ மட்டுமே இணைத்துப் பேசப்பட்டது. பட்டியலைத் தொகுத்தவர் வெறும் பண்டம் கொடுத்தவர் அல்லர். எது வேர், எது வேரன்று எனத் துணிந்தவர். அத்துணிபே ஒப்பீட்டை இயலச்செய்தது.

இதற்கு மாறான காட்சியை இருபதாம் நூற்றாண்டில் காணலாம். ஆக்ஸ்போர்டில் இருந்த தாமஸ் பரோவும் பெர்க்லியில் இருந்த முர்ரே எமனோவும் தொலைவிலிருந்தே இணைந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இலும், அதன் திருத்திய பதிப்பு 1984இலும் வெளிவந்தன. கோத்தர், தோடர், கோலாமி மொழிகளை எமனோ களத்தில் ஆராய்ந்தவர். நடு இந்தியத் திராவிட மொழிகளைப் பரோ, பட்டாச்சாரியாவுடன் சென்று பதிவுசெய்தவர். ஒருவர் கையில் இருந்த தரவு மற்றவருக்குத் தேவைப்பட்டது. இருவர் பெயரும் அட்டையில் நிற்கின்றன. பட்டாபிராம சாஸ்திரிக்கும் எல்லிசுக்கும் இடையே நிகழ்ந்த அறிவுப் பரிமாற்றம் தன்மையால் இதனின்று பெரிதும் வேறானதன்று. காலமும் ஆட்சியுறவும் வேறு.

இன்றைய வினாக்களில் வகை மயக்கம்

தமிழ் குறித்து இன்று மொழியியலார் தமிழறிஞரிடம் கேட்கும் வினாக்களில் வகைமயக்கம் இருவிதமாக நிகழ்கிறது. கேட்போர் தம் கோட்பாட்டை வினாவுக்குள் பொதிந்துவிடுவது ஒன்று. விடைகூறுவோர் எந்நிலையில் நின்று கூறுகிறார் என்பது தெளிவுறாமை மற்றொன்று.

முன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘குமாருக்கு வீடு பிடித்தது’ என்னும் தொடரில் எழுவாய் எது எனக் கேட்பதாகக் கொள்வோம். தமிழ் இலக்கணம் கற்றவர் ‘வீடு’ எனக் கூறுவார். ‘பிடித்தது’ என்னும் ஒன்றன்பால் முற்று அதனோடு இயைகிறது. ‘வீடுகள் பிடித்தன’ எனப் பன்மையாக்கினால் முற்றும் பன்மையாகிறது. ஆனால் ‘குமாருக்குத் தன் வீடு பிடித்தது’ என்பதில் ‘தன்’ குமாரையே சுட்டுகிறது. பொதுவாக எழுவாயைச் சுட்டும் இப்பெயர் நான்காம் வேற்றுமைப் பெயரைச் சுட்டி நிற்கிறது. இயைபு ஒன்றைக் காட்டுகிறது. சுட்டு மற்றொன்றைக் காட்டுகிறது. எழுவாயாதற்குரிய பண்புகள் யாவும் ஒரே பெயரில் குவியும் என்னும் கருத்து வினாவில் பொதிந்திருந்தமையால், ‘வீடு’ என்பதும் ‘குமார்’ என்பதும் ஆகிய இரு விடைகளுமே உண்மையின் பாதியை மறைக்கின்றன. ஐயவினா இரண்டனுள் ஒன்றைத் தேரச் சொல்கிறது. கயிறும் அன்று பாம்பும் அன்று என்னும் விடைக்கு அது இடம் வைப்பதில்லை.

துணைவினைகள் பற்றிய வினாக்களிலும் இதுவே நிகழ்கிறது. ‘விடு’ என்னும் துணைவினை செயல் முற்றுப்பெற்றதை உணர்த்துமா என்பது அடிக்கடி எழும் வினா. ‘பால் கொட்டிவிட்டது’ என்பதைக் கொண்டு ஆம் எனலாம். அங்கும் முற்றுப்பெறுதலோடு இரங்கற்குறிப்பும் கலந்துள்ளது. ‘நாளை வந்துவிடுவான்’ என்பதில் செயல் இன்னும் தொடங்கவேயில்லை, உணர்த்தப்படுவது உறுதிப்பாடு. ‘அவரிடம் சொல்லிவிடு’ என்னும் ஏவலில் காலந்தாழ்த்தாமையும் சுமை தீர்தலும் தோன்றுகின்றன. ஆம், இல்லை என நேர்விடை தருவோர் கேட்டவரின் பகுப்பை உறுதிப்படுத்துவர். நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள் நேர்விடையல்லாத ஐந்தும் இத்தகைய இடங்களுக்கே ஏற்றவை. ஆடுவாயா என்றதற்குப் பாடுவேன் எனல் இனமொழி விடை. ‘விடு’ பற்றிக் கேட்டவருக்குப் ‘போடு’, ‘கொள்’ ஆகிய துணைவினைகளை எடுத்துக்காட்டி, ‘உடைத்துவிட்டான்’, ‘உடைத்துப்போட்டான்’, ‘உடைத்துக்கொண்டான்’ என மூன்றையும் அருகே வைத்தல் அத்தகைய விடை. கேட்கப்படாததைக் கூறுவதால் அது கேட்கப்பட்டதை விளக்குகிறது.

இனமொழியினும் சிறந்தது வினாவுக்கு எதிர்வினா எழுப்புதல். வினாவுக்கு எதிரே வரும் வினாவும் விடையே எனத் தொல்காப்பியர் ஏற்கிறார். உரையாசிரியர்கள் இதனை உரையாடல் உத்தியாகவே விளக்கினாலும், ஆய்வு நெறியாகவும் இது கொள்ளத்தக்கது. ‘அவர் வருவார்’ என்பது பேச்சுத்தமிழில் எவ்வாறு வரும் எனத் தமிழ் கற்பிக்கும் அயல்நாட்டு ஆசிரியர் கேட்டால், யாரைப் பற்றி, யாரிடம், எவ்வூரார் சொல்வது என்னும் எதிர்வினாவே முதல் விடை. ‘வருவாரு’, ‘வருவாங்க’ என்னும் இரண்டும் உயர்வு குறிப்பனவே. எனினும் பெண்பாலார் குறித்து முதலாவது வடிவம் வழங்குவதில்லை. யாழ்ப்பாணத்தார் தரும் விடை மதுரையார் விடையோடு ஒத்திராது. ஹரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணம் கற்றோரிடையே வழங்கும் பொதுப்பேச்சை அடிப்படையாகக் கொண்டது. அப்பொதுமை கற்பித்தலுக்கு உதவுகிறது. ஆயினும் பொதுப்பேச்சு என்பது வரையறுத்துக்கொள்ளப்பட்டதேயன்றி எவ்வூரார்க்கும் தாய்வழிப் பேச்சன்று என்பதை மாணாக்கருக்கும் உணர்த்தவேண்டும்.

இரண்டாவது மயக்கம் தமிழுக்கு மிகுதியும் உரியது. எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் பெரிதும் விலகி நிற்கும் மொழியில், தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை நோக்கி ‘இவ்வாறு சொல்வீர்களா’ எனக் கேட்டால், அவர் இரு நிலைகளில் நின்று விடையளிக்கக்கூடும். மொழியைப் பேசுபவராக நின்றால் ‘எனக்குத் தெரியல’ என்பது இயல்பான தொடர். இலக்கணம் கற்பிப்பவராக நின்றால் அது வழு. ‘தெரியவில்லை’ என்பதே விடை. அவர் பொய் கூறவில்லை. தம்மை அறிஞராக மதித்துக் கேட்டார்கள் என எண்ணி அறிஞராகவே விடையளித்தார். கேட்டவரோ அவரைப் பேச்சாளராகக் கருதித் தரவாகப் பதிந்தார். இங்குக் கேட்டவர் எழுப்பியது அவனறிவு தான்கோடல். கேட்கப்பட்டவர் கொண்டது அறிவொப்புக் காண்டல். இம்மயக்கத்தைப் பேராசிரியரின் ‘தூய்மை நோக்கு’ எனக் குறைகூறுவது மொழியியல் வட்டாரங்களில் வழக்கமாகிவிட்டது. அது நேர்மையன்று. எந்நிலையில் நின்று கூறவேண்டும் என்பதைத் தெரிவிக்கும் பொறுப்பு வினாவியவருடையது.

‘யாது’, ‘எவன்’ என்னும் வினாச்சொற்கள் அறியாப் பொருளைப் பற்றி வரும் எனக் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் ‘யாது’ என்பது அறிந்த பொருளில் ஐயம் நீங்குதற்கும் உரியது என அடுத்துக் கூறுகிறார். ஒரே வினாச்சொல் அறியாமையையும் ஐயத்தையும் குறிக்கக்கூடும். எதனைக் குறிக்கிறது என்பது சூழலால் விளங்கும். நேருக்கு நேர் உரையாடலில் அச்சூழல் கண்முன் நிற்கும். எழுத்தில் அனுப்பும் வினாவில் அது உடன்செல்வதில்லை. எழுதியே சேர்க்க வேண்டும். ஆய்விதழ்கள் ‘தனிமடல் வழி அறிந்தது’ என்னும் குறிப்போடு விடையை மட்டும் பதிக்கின்றன. அக்குறிப்பினுள் விடைகூறியவர் பெயரும் நாளும் இருக்கும். அவரிடம் கேட்கப்பட்ட தொடர் சொல்லுக்குச் சொல் எது, அவர் தம் ஊர்ப்பேச்சை எண்ணிக் கூறினாரா, இலக்கணத்தை எண்ணிக் கூறினாரா என்னும் இரண்டும் அங்கேயே இடம்பெறுமாயின், பின்வரும் ஆய்வாளர் அவ்விடையை மீண்டும் எடை போடுதற்கு வேண்டிய குறைந்த அளவுச் சான்று கிடைத்துவிடும்.